ஓடக்கூடாத ஓட்டக்காரர்

நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பழக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எத்தனை மைல் ஓடவிட வேண்டும், எப்போது ஓய்வு கொடுக்க வேண்டும், என்ன சாப்பிடச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒருநாள் உங்கள் ஓட்டக்காரர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முடிவை நீங்கள் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் அவர் பிழைக்காமல் போகலாம். அந்த நாளைப் பற்றி எந்தப் பாடத்திலும் எழுதியிருக்காது. எனக்கு அந்த நாள் ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில் வந்தது. அப்போது நான் பயிற்சியாளன்கூட இல்லை.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் ஸ்டோர் கிராணியாக, சாமான் கணக்கு எழுதுபவனாக இருந்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பா ரயில்வேயில் கணக்கு எழுதியவர். பேனா பிடிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு மைல் ஓட்டத்தில் ஓடியிருக்கிறேன், ஒருமுறைகூட முதலில் வந்ததில்லை. ஆனாலும் மருத்துவமனையில் ஓட்டம் என்ற சொல்லோடு சம்பந்தப்பட்டிருந்த ஆள் நான் ஒருவன்தான்.

ஒருநாள் காலை ஜப்பானிய அதிகாரி ஒருவர் வந்தார். நகரத்து அலுவலகங்களில் உடற்பயிற்சியையும் விளையாட்டையும் கவனிக்கிற பொறுப்பு அவருக்கு. அவருடைய நாட்டில், நீண்ட தூரத்தைப் பல பேர் பங்குபோட்டு ஓடுகிற போட்டி உண்டாம். முதல் ஆள் தோளில் குறுக்காக ஒரு துணியைப் போட்டுக்கொண்டு ஓடுவார். தன் பங்கு முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே அது கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அந்த ஓட்டத்தைப் பினாங்கில் நடத்திப் பார்க்க அவருக்கு ஆசை. கடற்கரைத் திடலில் புறப்பட்டு தஞ்சோங் பூங்கா என்கிற கடலோர ஊர் வரைக்கும் முதல் பங்கு. அங்கிருந்து மலையோரச் சாலையில் ஏறி இறங்கி பத்து பெரிங்கி என்கிற ஊர்வரை போய்த் திரும்புவது இரண்டாவது. தஞ்சோங் பூங்காவிலிருந்து திடலுக்குத் திரும்பி வருவது மூன்றாவது. ஒவ்வோர் அலுவலகமும் மூன்று பேரைத் தர வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கு மூன்று பேரைத் தேடிப் பழக்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று பேரும் சுலபமாகக் கிடைத்தார்கள் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். எல்லோரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஓடத் தெம்பு யாருக்கு இருந்தது? காரணம் வேறு. ஓட்டக்காரர்களுக்கு ஜப்பானிய எழுத்துப் போட்ட ஒரு கைப்பட்டை கொடுத்தார்கள். அதைக் கையில் கட்டியிருந்தால் தெருவில் யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பாசாரில், கள்ளுக்கடையில், படம் காட்டுகிற இடத்தில் லோரி வந்து நிற்கும். கைக்கு அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஏறியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஆட்கள். போனவர்களிடமிருந்து சேதி வராது.

முதலில் வந்தவர் காசிம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவருடைய அப்பா தோளில் காவடித்தடி வைத்துச் சோறு சுமந்து விற்றவர். சண்டை வந்தபிறகு விற்பதற்குச் சோறு இல்லை. காசிம் எங்களிடம் நோயாளி தூக்குகிற வேலைக்கு வந்துவிட்டார். அடுத்தவர் ஆ லெங், சமையற்கட்டில் விறகு பிளப்பவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். மூன்றாவது சன்னாசி.

சன்னாசி கடலுக்கு அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவருடைய அண்ணனை லோரியில் ஏற்றிய அன்று இவர் ரப்பர் காட்டுக்குள் ஓடித் தப்பித்தார். பிறகு படகேறித் தீவுக்கு வந்து மருத்துவமனையில் கால்வாய் கழுவிக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் ஓடியதைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். எத்தனையோ ஓட்டக்காரர்களைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். மேட்டில் ஏறும்போது முகம் மாறாத ஆள் அவரைத் தவிர வேறு யாரும் என் நினைவில் இல்லை. இரண்டாவது பங்கை, அந்த மலைச் சாலையை, யோசிக்காமல் அவருக்குக் கொடுத்தேன்.

பசியோடு இருப்பவர்களைப் பழக்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதிகாரி வருகிற நாளில் மூவரும் வேகமாக ஓடுவார்கள். அவர் கார் போனதும் நடப்பார்கள். தஞ்சோங் பூங்காவில் சவுக்கு மரத்தடியில் படுத்துத் தூங்கவும் விட்டேன். ஆ லெங் அவித்த கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு வருவார். தின்றுவிட்டு மெதுவாகத் திரும்புவோம். அவர்களுடைய உடம்பில் மிச்சமிருந்ததைச் செலவழித்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தேன். கொஞ்ச நாளில் மூவரும் முன்னைவிட நன்றாக ஓடினார்கள். ஓய்வும் பழக்கத்தில் ஒரு பகுதி என்பது அங்கே எனக்குப் பட்டது. நல்ல சாப்பாடு கிடைக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைக் கற்றிருக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இனிமேல் சொல்வதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் தலைமைத் தாதி ஒருவர் இருந்தார். பெரிய மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடுவோம். பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார் என்பதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். இங்கே எத்தனையோ வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சன்னாசி வராந்தாவில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். அருகில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச வாரும். உம்மட ஆளின்ர காலப் பாரும்."

சன்னாசியின் முன்னங்கால் எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பிறகு எடுத்தார். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி அப்படியே நின்றது.

"நான் விரல எடுத்துப்போட்டன். குழி இன்னும் நிக்குது, பாத்தீரே?"

"தினமும் ஓடுறதால வீங்கியிருக்கும் மிஸ்ஸி."

"ஓட்டத்தில வந்த வீக்கம் இல்ல இது. பெரிபெரி. கிழங்கையே திண்டு திண்டு வந்தது. காலோட நிக்காது தம்பி, நெஞ்சுக்கு ஏறும். இந்த நிலமையில மலை ஏறி ஓடினா, ஓடிக்கொண்டிருக்கேக்கையே விழுந்துபோவான்."

"இப்ப என்ன செய்யிறது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன வருத்தம், என்ன நோய் எண்டு சொல்லுறது என்ர வேலை. சொல்லிப்போட்டன். தவிடு வறுத்துக் கஞ்சியில போட்டுக் குடுக்கிறதும் என்ர வேலை. அதையும் செய்வன். ஓட விடுறதோ நிப்பாட்டுறதோ உம்மட வேலை. அத என்னட்டக் கேக்காதையும்."

அப்போது அது எனக்குக் கடுமையாகத்தான் பட்டது. அவரே "நிறுத்து" என்று சொல்லியிருந்தால் நான் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். மருத்துவர் சொன்னார், மேலிடம் சொன்னது என்று சொல்லித் தப்பிக்கிற பயிற்சியாளர்களைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்தேன். அந்த வழியை எனக்கு முதல் நாளிலேயே அடைத்துவிட்டவர் பெரிய மிஸ்ஸி. அதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

அவர் போனபிறகு சன்னாசி பேசினார்.

"கிராணி, மிஸ்ஸி சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"நீங்க ஓட வேணாம் சன்னாசி."

"ஓடலன்னா இந்தப் பட்டைய கழட்டிருவாங்க. கழட்டுனா லோரிதான். எங்கண்ணன ஏத்திட்டுப் போனவங்க இன்னும் ஒரு சேதி சொல்லல. ரோட்டுல ஓடி விழுந்து செத்தா நீங்க நாலு பேரு தூக்கிட்டுப் போயி அடக்கம் பண்ணுவீங்க. சயாம் காட்டுல எனக்கு யாரு இருக்கா?"

கையிலிருந்த பட்டையை அவர் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஓட விடுங்க கிராணி. மெதுவா ஓடுறேன்லா."

நல்ல ஓட்டக்காரர் ஒருவர் மெதுவாக ஓடுகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, மனதார நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் முன்னால் ஒருவர் முதுகு தெரிந்துவிட்டால் அந்தக் கால்கள் அவர் பேச்சைக் கேட்காது. சன்னாசியின் கால்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். கடற்கரையோரம் சமதரையாக இருக்கிற பங்கை அவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அதுவும் ஓட்டம்தான். வியாதியை யாருக்கும் சொல்லாமல் பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். இப்படி யோசித்து யோசித்தே அன்றைய பொழுதைக் கழித்தேன். ஓடினால் நெஞ்சு, ஓடாவிட்டால் சயாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் காசிமிடமும் ஆ லெங்கிடமும் சொன்னேன்.

"அவரு பங்கையும் நானே ஓடிர்றேண்ணே" என்றார் காசிம்.

"ஒரு ஆளுக்கு ஒரு பங்குதான்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

"சூசாதான் அப்ப, கஷ்டந்தான்." தலையைச் சொறிந்தார். பிறகு, "நீங்க ஓடுங்களேன்" என்றார்.

"நானா?"

"வேற யாரு இருக்கா? தெனமும் எங்கள ஓடு ஓடுன்னு சொல்றீங்கள்ல?"

ஆ லெங் என் கால்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகியதுபோல இருந்தது. முடிவு என்னுடையது என்றால் அதனால் வருகிற பாரத்திலும் ஒரு பங்கு என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை சன்னாசியை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். கிராணிகள் எல்லோரும் ஜப்பானிய மொழி படித்தாக வேண்டும் என்று அப்போது கட்டாயம். நான் படித்தது கொஞ்சம்தான், பயத்தில் அதிலும் பாதி மறந்துவிட்டது. குனிந்து வணங்கினேன். இவரால் ஓட முடியாது, உடம்பு சரியில்லை என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சன்னாசியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சாரத்தை முழங்கால்வரை தூக்கச் சொன்னார். பெரிய மிஸ்ஸி செய்ததையே அவரும் செய்தார். கட்டைவிரலால் அழுத்தினார், எடுத்தார், குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காக்கே" என்றார்.

பெரிபெரிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். அந்த வியாதி அவர்கள் நாட்டிலும் நிறையப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் அந்தக் குழியை அவர் அதற்கு முன்பும் யாருடைய காலிலோ பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

"உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

"நேற்றுக் காலை."

கன்னத்தில் ஓர் அடி விழுந்தது. கண்ணாடி கழன்று தரையில் போய் விழுந்தது.

"நேற்று ஏன் வரவில்லை?"

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் நன்றி அந்த அடிக்கும் இல்லை, அந்த ஆட்சிக்கும் இல்லை. சன்னாசியின் அண்ணனை லோரியில் ஏற்றியவர்களும் அதே உடுப்புப் போட்டவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. நான் யோசித்துக்கொண்டிருந்த அன்று சன்னாசி வழக்கம்போல் கால்வாயில் இறங்கி வேலை செய்தார். அந்த ஒரு நாளில் அவர் விழுந்திருந்தால்? தெரிந்துவிட்டது என்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் அவரை உட்கார வைத்துவிட்டு யோசிக்கலாம்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நல்லவேளை, உடையவில்லை.

"அவன் இடத்தில் யார்?"

"நான்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது, வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. போகலாம் என்று கையைக் காட்டினார்.

நாங்கள் வந்த காரியத்தில் பெரிய பாதி, சன்னாசியின் கைப்பட்டை, இன்னும் பாக்கி இருந்தது. மலைச் சாலை ஓட்டக்காரருக்குக் கடினமானது, அங்கே எங்கள் குழுவின் ஆள் ஒருவர் நிற்க வேண்டும், அந்த ஆளாக இவர் இருக்கட்டும், குழுவிலேயே இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த சொற்களை ஒட்டவைத்துச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த எதையோ பார்க்கத் தொடங்கிவிட்டார். பதில் இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, பட்டையைக் கழற்று என்றும் சொல்லவில்லை.

இன்னொரு முறை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். சன்னாசி என் சட்டை நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். வாயை மூடிக்கொண்டேன். இருவரும் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தோம். தெருமுனை தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது தடவ கேட்டிருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பாரு கிராணி" என்றார் சன்னாசி.

உண்மைதான். ஒரு பெரிய மனிதர் பதில் சொல்லாமல் இருப்பது சிலநேரம் அவரால் கொடுக்க முடிந்த பதில். அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். சங்கம், அமைச்சு, தேர்வுக்குழு என்று பிற்காலத்தில் எத்தனையோ அறைகளில் இது எனக்கு உதவியது.

அந்த வாரம் முழுக்கப் பெரிய மிஸ்ஸி சொன்னபடியே செய்தார். காசிம் தெரிந்த அரிசி ஆலையிலிருந்து, கோழிக்குப் போடுகிற தவிட்டை வாங்கிவந்தார். மிஸ்ஸி அதை வறுத்துக் கஞ்சியில் கலந்து, தன் கண்முன்னால் சன்னாசியைக் குடிக்கவைத்தார். கால்வாய் வேலையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து துணி மடிக்கிற வேலை கொடுத்தார். நான் ஓடிப் பழகினேன். ஒரு வாரத்தில் யாரும் ஓட்டக்காரர் ஆகிவிட முடியாது. கால் வலியோடு மாடிப்படி ஏறத்தான் பழகினேன்.

ஓட்ட நாள் வந்தது. சாலையோரம் பள்ளிப் பிள்ளைகளைக் காகிதக் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். ஆ லெங் முதல் பங்கை நன்றாக ஓடி, மூன்றாவது ஆளாகத் தஞ்சோங் பூங்காவுக்கு வந்து தோள்துணியை என்னிடம் கொடுத்தார். சமதரையில் சமாளித்தேன். முதல் ஏற்றத்தில் துறைமுகத்து ஆள் என்னைத் தாண்டினார். அடுத்து மின்சார இலாகா ஆள். அடுத்து இன்னொருவர். கண்ணாடியில் வியர்வை வழிந்து வழி தெரியவில்லை. சாலையோரம் நின்றவர்கள் எல்லோரும், "இன்னும் கொஞ்சந்தான்! வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார்கள். நானும் நம்பி ஒவ்வொரு வளைவிலும் முட்டிமோதி ஓடினேன். வளைவு திரும்பினால் இன்னொரு மேடு நிற்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கொஞ்சம் செத்தது. ஓர் இடத்தில் நின்றேவிட்டேன். துணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வளைவில் ஒரு கல்லின்மேல் சன்னாசி உட்கார்ந்திருந்தார். காலையிலேயே விறகு வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டிருந்தோம். நான் தள்ளாடி வருவதைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார்.

"கிராணி, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "பத்து பெரிங்கி போறதுக்குள்ள இன்னும் ரெண்டு ஏத்தம் இருக்கு. பெருசு."

அப்படியே அழுகை வந்துவிட்டது.

"இந்த ஏத்தத்துல நடங்க. பரவால்ல, நடங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மேல போனதும் மூச்ச வாங்கிட்டு ஓடுங்க. அடுத்ததுலயும் அப்படியே செய்யுங்க."

நடந்தேன். போட்டியில் நடப்பது வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு ஏற்றம் என்று தெரிந்தபிறகு அவை இரண்டாகத்தான் இருந்தன. முடிவில்லாத மலையாக இல்லை. என்னிடம் இருந்ததை இரண்டாகப் பங்குபோட முடிந்தது. என்னைத் தாண்டிப் போனவர்களில் ஒருவர் இரண்டாவது ஏற்றத்தின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைத் தாண்டினேன். பத்து பெரிங்கியில் திரும்பி அதே மேடுகளை அப்படியே ஏறி வரும்போது சன்னாசி அதே கல்லில் இருந்தார். இந்தமுறை சிரித்தார். "இனிமே எறக்கந்தான். போங்க, போங்க!"

இறங்கினேன். தஞ்சோங் பூங்காவில் காசிம் துணியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பறந்தார். நான் கொடுத்தபோது நாங்கள் ஐந்தாவது இடத்தில் இருந்தோம். திடலுக்குள் நுழையும்போது காசிம் மூன்றாவதாக ஓடிவந்தார் என்று ஆ லெங் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை. சவுக்கு மரத்தடியில் மல்லாந்து கிடந்தேன்.

பரிசு எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சியாளனாக எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து அந்தச் சாலையில்தான் கிடைத்தது. அதன்பிறகு எந்த ஓட்டக்காரரிடமும் தூரத்தைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. களைத்துப்போனவரிடம் "கிட்டத்தில்தான்" என்று சொல்வது அன்பில் வருகிற பொய்தான். ஆனாலும் அது அவர் காலை வாருகிறது. எவ்வளவு மிச்சம் என்று சொல்லுங்கள். எங்கே நடக்கலாம் என்று சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

சன்னாசியின் கையிலிருந்து அந்தப் பட்டையை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஒருமுறை சௌராஸ்தா பாசாரில் லோரி வந்து நின்றபோது அவர் அங்கே இருந்தார். சிப்பாய் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னானாம். அன்று திரும்பி வந்தவர் மிஸ்ஸியின் காலில் விழப் போனார். "போய்க் கஞ்சியக் குடி" என்று அவர் விரட்டிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் கால் வீக்கம் வற்றியது. சண்டை முடிகிறவரை அவர் எங்களோடுதான் இருந்தார்.

சண்டை முடிந்தது. கொஞ்ச நாளில் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். அவர்களை ஆட்கள் என்று சொல்ல மனம் வலிக்கும், அப்படி வந்தார்கள். பலரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வார்டு நிறைந்துவிட்டது. சன்னாசி ஒவ்வொரு கட்டிலாகப் போய் அண்ணனின் பெயரைச் சொல்லி, தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் கட்டிலில் கேட்டுவிட்டு அவர் வெளியே போய் நின்றார். நான் அருகில் போய் நின்றேன்.

பெரிய மிஸ்ஸி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்கள்தானே ஓட்டம் பழக்கினனீங்கள்? இவையள நடக்கப் பழக்குங்கோ. மருந்தும் சாப்பாடும் நான் குடுக்கிறன். எழும்பி நடக்க வைக்கிறதுக்கு எனக்கு ஆள் போதாது."

நான் முறையாகப் பழக்கிய முதல் ஆட்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் சன்னாசி வயதுதான் இருப்பார், பார்த்தால் கிழவர். படுத்த படுக்கையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். சன்னாசி தினமும் அவர் கட்டிலில் போய் உட்காருவார். எழுந்திரு என்று ஒருநாளும் சொல்லவில்லை. தோட்டத்தைப் பற்றி, மரத்தைப் பற்றி, பால் வாளியைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் அந்த ஆள் தானாகவே காலைக் கீழே போட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். கட்டிலிலிருந்து சன்னல் வரைக்கும் நடந்தார். அவ்வளவுதான், திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். பிறகு ஒருநாள் கதவு. பிறகு வராந்தாவின் கோடி. விழுந்தார், அழுதார், எங்களைத் திட்டினார், சில நாட்கள் வரவே மாட்டேன் என்றார். அந்த நாட்களில் விட்டுவிட்டோம்.

ஒரு காலை நேரம், நாங்கள் பிடிக்காமலேயே அவர் முற்றத்தைத் தாண்டி மருத்துவமனை வாசல் கேட்டுவரை நடந்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே சாலையில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. யாரோ மூட்டையோடு போனார்கள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். களைத்துவிட்டார், திரும்பிப் போகலாம் என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சன்னாசி பக்கம் திரும்பினார்.

"நாளைக்கி எது வரைக்கும்ணே?" என்றார்.